விடையை மறைத்துக்கொண்டு படித்த நூல்: கிளிநொச்சியில் வாங்கிய கடந்தகால வினாத்தாள் தொகுப்பு பற்றி

கிளிநொச்சி நகரிலுள்ள ஒரு புத்தகக் கடையில், இலங்கை நிர்வாக சேவையின் தரம் III இற்கான திறந்த போட்டிப் பரீட்சைக்குரிய கடந்தகால வினாத்தாள்களை விடைகளுடன் தொகுத்து அச்சிட்ட நூலொன்றை எட்டு மாதங்களுக்கு முன்னர் 1,850 ரூபாவுக்கு வாங்கினேன். அன்று முதல் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகள் அந்நூலுடனேயே கழிந்திருக்கின்றன. என்னுடன் சேர்ந்து படிக்கும் மூவரும் அதே பிரதியையே மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு எழுதும் மதிப்புரை அல்ல இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்நூலிலுள்ள வினாக்கள் கொடுத்த பணத்துக்கு மேலான பெறுமதி உடையவை, அதிலுள்ள விடைகளையோ ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் மனனம் செய்யக்கூடாது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை இன்றும் 'ஏ.ஜி.ஏ. கந்தோர்' என்றுதான் சொல்வார்கள். உதவி அரசாங்க அதிபர் என்ற பெயர் பிரதேச செயலாளர் என்று மாறி, 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவருக்குரிய அதிகாரங்கள் வரையறுக்கப்பட்டு மூன்று தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. அந்தக் கதிரையில் அமர்பவர் நிர்வாக சேவை அதிகாரி. வயல் வரம்புத் தகராறு முதல் வெள்ள நிவாரணப் பட்டியல் வரை அவருடைய மேசைக்கு வந்தே முடிவாகின்றது. அந்த மேசையின் இந்தப் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளாக நின்று பார்த்த பின்னர்தான், மறுபக்கத்துக்குரிய பரீட்சையை எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

முதல் தடவை எழுதியபோது என்னிடம் ஒரு பழைய வினாத்தாள்கூட இருக்கவில்லை. பொது அறிவு நூல்கள் மூன்றை வரி விடாமல் படித்திருந்தேன். மண்டபத்தில் வினாத்தாளைத் திறந்தபோது, எனக்குத் தெரிந்த விடயங்களே கேட்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றை எந்த அளவில், எந்த வேகத்தில், எதை முதலில் எழுதுவது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நேரம் முடிந்து விடைத்தாளைக் கையளித்தபோது எழுதாத வினாக்கள் எஞ்சியிருந்தன. அறிவு குறைந்து தோற்றால் மனம் ஆறும். பழக்கமில்லாமல் தோற்றது இன்றும் என்னை வருத்துகிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் அண்ணனோ அக்காவோ பரீட்சை எழுதியிருந்தால், அவர்களுடைய வினாத்தாள்கள் ஒரு பெட்டியில் இருக்கும். தம்பி தங்கைகள் அதை எடுத்துக்கொள்வார்கள். வன்னியில் அந்தப் பெட்டிகள் இல்லை. 2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது, பிறப்புச் சான்றிதழைக் காப்பாற்றியவர்களே அதிகம் காப்பாற்றியவர்கள். வினாத்தாளைச் சுமந்து சென்றவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து யாழ்ப்பாணத்தில் நடக்கும் வார இறுதி வகுப்புக்குப் போய் வர ஒரு முழு நாளும் பேருந்துக் காசும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இரவு வீடு திரும்பும் பிரச்சினையும் உண்டு. ஆகையால் இப்படியொரு தொகுப்பு எங்கள் நகரத்துக் கடைக்கு வந்ததே பெரிய காரியம். அதைத் தொகுத்தவர்களுக்கு முதலில் நன்றி சொல்லியே குறைகளுக்குள் போக விரும்புகிறேன்.

நூல் 412 பக்கங்கள் கொண்டது. ஒட்டு மட்டுமே போட்டுக் கட்டியிருப்பதால் இரண்டாம் மாதத்திலேயே நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன. கடைக்காரரிடம் கொண்டுபோய்த் துளையிட்டு நூல் போட்டுத் தைத்துக்கொண்டேன். மேசையில் விரித்து வைத்து எழுதவேண்டிய நூலுக்குத் தையல் கட்டு இல்லாமலிருப்பது பிழை. கடதாசி மெல்லியது, பேனாவால் எழுதினால் மறுபக்கம் தெரியும், பென்சில் போதும். எழுத்தின் அளவு கண்ணை வருத்தாது.

நூலின் மிகப் பெரிய சிறப்பு, வினாத்தாள்களை ஆண்டு வாரியாக, முழுமையாக, வினா இலக்கங்களைக் கலைக்காமல், தலைப்பில் உள்ள நேர ஒதுக்கீட்டையும் அறிவுறுத்தல்களையும் சேர்த்து அச்சிட்டிருப்பதாகும். சந்தையிலுள்ள வேறு பல வழிகாட்டி நூல்கள் பழைய வினாக்களைப் பிரித்தெடுத்து, 'அரசியலமைப்பு', 'பொருளாதாரம்', 'புவியியல்' என்று அலகு அலகாக அடுக்கிவிடுகின்றன. படிப்பதற்கு அது இலகுவாகத் தோன்றும். ஆனால் அரசியலமைப்பு என்ற தலைப்பின் கீழ் முப்பது வினாக்களைத் தொடர்ந்து செய்யும்போது, அடுத்த வினா எதைப் பற்றியது என்பது செய்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மண்டபத்தில் அந்த உதவி கிடைக்காது. அங்கே ஆணைக்குழு பற்றிய வினாவுக்கு அடுத்து ஆற்றுப் படுக்கை வரும்; அதற்கு அடுத்து ஐக்கிய நாடுகள் சபை வரும்; மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்கும் பயிற்சி வேண்டும். முழு வினாத்தாளை மணிக்கூட்டை வைத்துச் செய்தால் மட்டுமே அது கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற நூல்களை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன்.

குறை தொடங்கும் இடம், ஒவ்வொரு வினாவுக்கும் நேர் கீழேயே தடித்த எழுத்தில் விடையை அச்சிட்டிருப்பதாகும். கண் தானாகவே விடைக்குப் போய்விடும். போன பின்னர் 'இது எனக்குத் தெரிந்ததுதானே' என்று மனம் நம்பிக்கொள்ளும். முதல் இரண்டு வாரங்கள் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு முழு ஆண்டின் வினாத்தாளை வாசித்து முடித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நிறைவோடு இருந்தேன். பின்னர் எங்கள் குழுவிலுள்ள அக்கா ஒருவர் அதே வினாத்தாளை விடையில்லாமல் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, "இதைச் செய்து காட்டுங்கோ தங்கச்சி" என்று தந்தபோது, ஐம்பதில் முப்பத்தொன்றுக்குத்தான் விடை சொன்னேன். அதன் பிறகு ஒரு கடும்மட்டையை வெட்டி வைத்து, விடை வரிகளை மறைத்துக்கொண்டு செய்தேன். விடைகளை நூலின் கடைசியில் தனியாகத் தந்திருந்தால் வாசகருக்கு இந்த மட்டை தேவைப்பட்டிருக்காது.

அடுத்த குறை இதைவிடப் பாரதூரமானது. இதனால்தான் இந்த மதிப்புரையை எழுத நினைத்தேன். கடந்தகால வினாவின் விடை, அந்தப் பரீட்சை நடந்த நாளுக்குரிய விடை. இந்நூலில் சில விடைகள் அன்றைய நிலைப்படியும், சில இன்றைய நிலைப்படியும், சில இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோவொரு காலத்தின்படியும் தரப்பட்டிருக்கின்றன. எந்த விடை எந்தக் காலத்துக்குரியது என்று ஒரு குறிப்பும் இல்லை. மாணவர் எப்படி அறிவார்?

உயர் பதவிகளுக்கான நியமனங்களில் சனாதிபதி எந்தப் பேரவையுடன் தொடர்புபட வேண்டும் என்ற வகையான வினாவை எடுத்துக்கொள்வோம். 2001இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை நீக்கிப் பாராளுமன்றப் பேரவையைக் கொண்டுவந்தது. 2015இல் 19ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் நிறுவியது; 2020இல் 20ஆவது திருத்தம் மறுபடியும் பாராளுமன்றப் பேரவைக்குத் திரும்பியது; 2022 ஒக்டோபர் 31ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 21ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தது. இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து தடவை மாறிய ஒன்றைப் பற்றி, இந்நூல் ஓரிடத்தில் 'பாராளுமன்றப் பேரவை' என்றும் நாற்பது பக்கம் தள்ளி 'அரசியலமைப்புப் பேரவை' என்றும் விடை தந்துவிட்டுப் பேசாமல் போகிறது. இரண்டு விடைகளும் தத்தமது ஆண்டில் சரியாக இருக்கலாம். ஆனால் தனியாகப் படிக்கும் ஒரு பிள்ளை இரண்டையும் பார்த்துவிட்டு, எது அச்சுப் பிழை என்று தேடிக் களைத்துப்போகும். அல்லது கடைசியாகப் படித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகும். உண்மையில் இந்த ஐந்து மாற்றங்களையும் ஒரு சிறு அட்டவணையாகத் தந்திருந்தால், பத்து வினாக்களுக்கான விடை ஒரே பக்கத்தில் கிடைத்திருக்கும்.

சனாதிபதியின் பதவிக்காலமும் இப்படியே. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 6 ஆண்டுகள். 19ஆவது திருத்தத்தின் பின்னர் 5 ஆண்டுகள். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தெரிவுசெய்யப்பட முடியாது என்ற வரம்பை 18ஆவது திருத்தம் எடுத்துவிட்டது, 19ஆவது திரும்ப வைத்தது. மத்திய வங்கி பற்றிய வினாக்களுக்கு இந்நூல் தரும் விளக்கம் முழுவதும் 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்தையும் நாணயச் சபையையும் சார்ந்தே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும், நாணயச் சபைக்குப் பதிலாக ஆளுகைச் சபையும் நாணயக் கொள்கைச் சபையும் வந்ததும் எங்கும் சொல்லப்படவில்லை. அட்டையில் 'திருத்திய புதிய பதிப்பு' என்று போட்டுவிட்டு இதை விட்டுவிட்டது நியாயமில்லை.

எங்கள் மண்ணோடு நேரடியாகச் சேர்ந்த வினாக்களிலேயே நூல் சறுக்கியிருப்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தத்தைத் தந்தது. மாகாண சபைகளின் எண்ணிக்கை என்ன என்ற வினாவுக்கு ஓரிடத்தில் 8 என்றும் வேறிடத்தில் 9 என்றும் விடை உள்ளது. 1988இல் வடக்கும் கிழக்கும் ஒரே நிர்வாக அலகாக இணைக்கப்பட்டதையும், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 2007 சனவரி 1 முதல் அவை பிரிக்கப்பட்டதையும் இரண்டு வரியில் எழுதியிருந்தால், இரண்டு விடைகளும் ஏன் சரி என்பது விளங்கியிருக்கும். தேர்தல் மாவட்டங்கள் 22, நிர்வாக மாவட்டங்கள் 25 என்பதற்கும் விளக்கம் இல்லை. கிளிநொச்சி மாவட்டம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்குகிறது. மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆகின்றன. ஆகவே ஐந்து நிர்வாக மாவட்டங்கள் இரண்டு தேர்தல் மாவட்டங்களாகி, மொத்தத்தில் மூன்று குறைகின்றது. வன்னியில் வாக்களிக்கும் ஒருவர் இதைத் தன் வாக்குச்சீட்டிலிருந்தே அறிவார். ஆனால் அதே ஆள் பரீட்சைக்குப் படிக்கும்போது 22 என்ற இலக்கத்தைக் காரணமறியாமல் மனனம் செய்கிறார். ஊரில் கண்ணால் கண்ட ஒன்றைப் பாடமாக அடையாளம் காணும் பழக்கம் எங்களுக்குக் குறைவு. ஒரு நல்ல தொகுப்பு அதைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும்.

மாகாணங்களின் வரலாறும் அப்படித்தான். 1833இல் கோல்புறூக் சீர்திருத்தத்துடன் 5 மாகாணங்கள் உருவானபோது, இன்றைய அனுராதபுரப் பகுதியான நுவரகலாவியவும் வட மாகாணத்துக்குள்தான் இருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்பட்ட பின்னரே வட மாகாணத்தின் தென் எல்லை இன்றைய வவுனியாப் பக்கம் வந்தது. 1889இல் சப்பிரகமுவ ஒன்பதாவது மாகாணமானது. பிற்காலத்தில் 1978இல் முல்லைத்தீவும், 1984இல் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாகின. இந்த ஆண்டுகளை ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால், எங்கள் கச்சேரிகள், அதாவது மாவட்டச் செயலகங்கள், ஏன் இவ்வளவு இளமையானவை, பழைய காணிப் பதிவுகள் ஏன் வேறு மாவட்டத்தில் தேடப்படுகின்றன என்பவையும் புரியும். நூலிலோ இவை ஐந்து வெவ்வேறு ஆண்டுகளின் வினாத்தாள்களில் சிதறிக் கிடக்கின்றன, நாங்கள்தான் கோத்தெடுத்தோம். கோத்தெடுத்த அந்த இரண்டு ஞாயிறுகளில் நான் கற்றது, முழு நூலையும் வாசித்துக் கற்றதைவிடக் கூடுதல் என்று சொல்வேன்.

நுண்ணறிவுப் பகுதியில் அச்சுப் பிழைகள் தாராளமாக உள்ளன. 3, 8, 15, 24 என்று போகும் தொடரில் அடுத்து 35 வரவேண்டிய இடத்தில் 53 என அச்சாகியிருந்தது. முழு எண்களின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் இத்தொடர் வருகிறது. 35க்கு அடுத்தது 48. நூலின் விடையும் 48 என்றே சரியாக உள்ளது, ஆனால் 53 இலிருந்து 48க்கு எப்படிப் போவது என்று இருபது நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நூல் வழி இல்லாமல் விடையை மட்டும் தருவதால், பிழை வினாவிலா எனது சிந்தனையிலா என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. உருவத் தொடர் வினாக்களில் நிலைமை இன்னும் மோசம். மூல வினாத்தாளைப் பலமுறை போட்டோப் பிரதி எடுத்த பின்னர் அச்சிட்டிருப்பதால், கோடிட்ட சதுரமும் கறுத்த சதுரமும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பன்னிரண்டு வினாக்களை நாங்கள் முற்றாகக் கைவிட்டோம்.

நூலின் கடைசி அறுபது பக்கங்கள் 'மேலதிகப் பயிற்சி' என்ற பெயரில் சேர்க்கப்பட்டவை. அவை தமிழ்நாட்டுத் தேர்வுகளுக்கான நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து வரும் நூல்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. எண்கணிதக் குறுக்குவழிகளை அவற்றில் கற்றுக்கொண்டேன், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் எங்கள் பாடசாலைத் தமிழ் வேறு, எங்கள் வினாத்தாள் தமிழ் வேறு. புள்ளிவிபரவியலில் இடை, இடையம், ஆகாரம் (mean, median, mode) என்று நாங்கள் படித்தவற்றை அந்நூல்கள் சராசரி, இடைநிலை, முகடு என்கின்றன. 'இடை' என்றும் 'இடைநிலை' என்றும் ஒலிக்கும் இரண்டு சொற்களும் இரண்டு வேறு கணியங்களைக் குறிக்கின்றன என்பதைக் கவனிக்காமல் எங்கள் குழுவில் ஒருவர் தொடர்ந்து நான்கு கணக்குகளைப் பிழையாகச் செய்தார். கணக்காய்வாளர் நாயகம், சட்டமா அதிபர், பாராளுமன்றம் என்று இங்கே சட்டப்படி நிலைத்த பெயர்களுக்கு அங்கே வேறு பெயர்கள் உள்ளன. இப்பரீட்சையைத் தமிழ்மொழி மூலம் எழுதுபவர் இலங்கையின் அரச தமிழில் சிந்திக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தரும் வாய்ப்பு உள்ள நூலே அதைக் கலைத்துவிடுவது வேதனை. இந்த அறுபது பக்கங்களை எடுத்துவிட்டு விலையை 300 ரூபா குறைத்திருக்கலாம்.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடந்தகால வினாத்தாள்களைத் தொடர்ந்து செய்ததால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை, வினாத்தாளின் மொழிநடை பழகியதுதான். நீண்ட, கட்டிறுக்கமான அந்த வாக்கியங்களில், 'அல்லாதது எது', 'மிகப் பொருத்தமானது எது', 'பின்வருவனவற்றுள் சரியான கூற்றுகள் யாவை' என்பன ஒன்றுக்கொன்று வேறான கட்டளைகள். முதல் தடவை எழுதியபோது 'அல்லாதது' என்ற சொல்லைத் தவறவிட்டே சில புள்ளிகளை இழந்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். பதினொரு ஆண்டுகளின் வினாத்தாள்களைச் செய்த பின்னர், கண் அந்தச் சொல்லைத் தானாகவே தேடிப் பிடிக்கிறது.

கிரகித்தலும் சுருக்கம் எழுதுதலும் உள்ள பழைய வினாத்தாள்களுக்கு மாதிரி விடைகள் தரப்பட்டுள்ளன. அவற்றை வாசிக்கலாம், பின்பற்றக்கூடாது. 80 சொற்களில் சுருக்குமாறு கேட்ட ஒரு பந்திக்குத் தரப்பட்ட மாதிரியை எண்ணிப் பார்த்தேன். 94 சொற்கள் இருந்தன. மூலப் பந்தியின் வாக்கியங்களை அப்படியே வெட்டி ஒட்டியிருப்பதும் தெரிந்தது. இதற்கு மேல் அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நூலில் இல்லாத ஒன்று, வாங்குபவர் எல்லோரும் கவனிக்கவேண்டியது: பரீட்சையின் பாடங்களும் புள்ளி ஒதுக்கீடும் ஆட்சேர்ப்பு விதிகளைக் கொண்ட சேவைப் பிரமாணக் குறிப்பு திருத்தப்படும்போது மாறக்கூடியவை. ஒரு தடவைக்குரிய பாடங்கள் எவை என்பதை அந்தத் தடவைக்காக வெளியாகும் வர்த்தமானி அறிவித்தலே தீர்மானிக்கும். இந்நூல் பழைய திட்டத்துக்குரிய வினாத்தாள்களையும் பிந்திய திட்டத்துக்குரியவற்றையும் எந்தப் பிரிப்பும் இல்லாமல் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. எங்கள் குழுவிலுள்ள தம்பி ஒருவர் இப்போது கேட்கப்படாத ஒரு பகுதிக்காக ஒரு மாதம் முழுவதையும் செலவழித்துவிட்டார். முதலில் அறிவித்தலை எடுத்து, அதிலுள்ள பாடப்பெயர்களை ஒரு தாளில் எழுதி நூலின் முன்னட்டைக்குள் ஒட்டிக்கொண்டு, அதன் பின்னர் எந்த வினாத்தாள் எந்தப் பாடத்துக்கு உதவும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளும்படி புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்லுகிறேன்.

நாங்கள் இதைப் பயன்படுத்திய முறை எளிமையானது. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் கூடுவோம். தொலைபேசிகளை ஒரு கூடைக்குள் போட்டுவிட்டு, வினாத்தாளில் குறிப்பிட்ட நேரத்துக்குள் முழுவதையும் தனித்தனியாக எழுதுவோம். நேரம் முடிந்ததும் விடைத்தாள்களை மாற்றித் திருத்துவோம். திருத்தும்போது நூலின் விடையை ஐந்தாவது ஆளாகத்தான் நடத்துவோம். நால்வரின் விடையும் நூலின் விடையும் ஒன்றானால் அப்படியே விட்டுவிடுவோம். வேறுபட்டால் மூலத்துக்குப் போவோம்: அரசியலமைப்பென்றால் திருத்தங்கள் சேர்க்கப்பட்ட அதன் தமிழ்ப் பதிப்பு, பொருளாதாரமென்றால் மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடு, குடித்தொகையென்றால் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கை. மதியத்துக்குள் நூல் சொன்னதில் குறைந்தது இரண்டு மூன்று பிழையென்று கண்டுபிடித்துவிடுவோம். பிழைவிட்ட வினாக்களை ஒரு தனிக் கொப்பியில் எழுதி, அதற்கு எதிரே ஏன் பிழைவிட்டேன் என்பதை ஒரு வரியில் எழுதுவது என் வழக்கம். 'தெரியவில்லை' என்று எழுதியவை குறைவு; 'அவசரப்பட்டேன்', 'பழைய சட்டம்', 'வினாவைச் சரியாக வாசிக்கவில்லை' என்று எழுதியவையே அதிகம். அந்தக் கொப்பி இப்போது நூலைவிடத் தடிப்பாகிவிட்டது.

இப்படிப் பார்த்தால், நூலின் பிழைகளே எங்களைப் படிக்க வைத்தன என்று யாராவது சொல்லக்கூடும். நான் அதை ஏற்கமாட்டேன். நாங்கள் நால்வர் இருந்தோம், அதில் மூவர் அரச கந்தோரில் வேலை செய்பவர்கள், சட்டப் பிரதிகளைத் தேடியெடுக்கத் தெரிந்தவர்கள். தனியாக, ஒரு வீட்டுத் திண்ணையில், மின்வெட்டுக்கு நடுவில் படிக்கும் பட்டதாரிப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அவர் 1,850 ரூபா கொடுத்தது சரியான விடைக்காகவும்தான். அரசாங்க சேவை ஆணைக்குழு நியமிக்கும் ஒரு பதவிக்குப் போட்டியிடும் பிள்ளையின் எதிர்காலத்தைத் தொடும் நூலை, ஒரு சட்டத்தரணியிடமோ ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரியிடமோ ஒரு தடவை காட்டித் திருத்தியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

எனவே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்களுடன் சேர்ந்து படிக்க இன்னும் இருவராவது இருந்தால் வாங்குங்கள், ஒரே பிரதி போதும். தனியாகப் படிப்பவரானால், வினாத்தாள்கள் உள்ள பக்கங்களை மட்டும், விடை வரிகளை வெள்ளைத் தாளால் மறைத்துப் போட்டோப் பிரதி எடுத்துத் தரக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். விடைகளை நீங்களே கட்டியெழுப்புங்கள். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்குத் தோற்றும் உத்தியோகத்தர்களுக்கு இந்நூல் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டிய தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணங்கள் பற்றிய வினாக்கள் இதில் இல்லை. கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைகளுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் நுண்ணறிவுப் பகுதியை மட்டும் எடுத்துச் செய்து பார்க்கலாம். அச்சுப் பிழைகளுக்கு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

சென்ற மாதம், நாங்கள் கண்டுபிடித்த 47 பிழைகளையும் பக்க இலக்கத்துடன் இரண்டு தாள்களில் எழுதி, வெளியீட்டாளருக்கு ஒரு பிரதியை அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. மற்றப் பிரதியைக் கிளிநொச்சிக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்துவிட்டு, "தங்கச்சி, இன்னும் ஒன்பது புத்தகம் இருக்குது, இதையும் அதுக்குள்ள வைச்சே குடுக்கிறன்" என்று சொல்லி, கடையின் இயந்திரத்திலேயே ஒன்பது பிரதிகள் எடுத்து ஒவ்வொரு நூலின் முன்னட்டைக்குள்ளும் மடித்து வைத்தார். காசு கேட்கவில்லை. போன கிழமை போனபோது ஐந்து விற்றுப்போயிருந்தன.